முதன்முதலில் எங்கே விழுந்தது?

கடவுளே நேரில் வந்து கையில் ஒரு வரத்தைக் கொடுத்தாலும், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இதுக்கு முன்னாடி யாரு கிட்ட இருந்துச்சு?" என்று கேட்கக்கூடிய மனிதர் இந்தத் தமிழ்நாட்டில் ஒருவர்தான் இருந்தார். எண்பதுகளின் நடுவில் அவர் திண்டிவனத்தில், ரயில்வே கேட்டை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தார். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. சந்தில் யாருக்கும் தெரியாது. தபால்காரரைக் கேட்டதற்கு, "அவருக்குக் கடுதாசியே வராதேப்பா" என்றார். ஊர் அவருக்கு வைத்திருந்த பெயர் நெயில்பாலிஷ்.

பெயரைக் கேட்டு வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது. ஆள் ஆறடி. காதுவரை போய் அங்கிருந்து திரும்பி வரும் மீசை. கட்டம் போட்ட லுங்கி, முண்டா பனியன், ஒரு கண்ணில் மட்டும் கடிகார ரிப்பேர்காரர்கள் மாட்டும் லென்ஸ். அந்த லென்ஸைக் கழற்றாமலே தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வருவார். குடத்துக்குள்ளும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் தூக்குவார்.

அவருடைய தொழில், பழைய வாக்மேன்களை வாங்கி, வீட்டிலேயே பழுது பார்த்து விற்பது. இடுப்பில் பெட்டியைச் சொருகிக்கொண்டு, ஆரஞ்சு நிறப் பஞ்சு வைத்த கம்பியைக் காதில் மாட்டிக்கொண்டு, தான் மட்டும் தனியாகப் பாட்டுக் கேட்கும் வசதி அப்போதுதான் எங்கள் பக்கம் வந்திருந்தது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் விடுமுறையில் கொண்டுவருவார்கள். நம்முடைய தூசிக்கும் வெயிலுக்கும் அது ஆறு மாதத்தில் படுத்துவிடும். படுத்ததை நெயில்பாலிஷ் எழுப்பி உட்கார வைப்பார். நல்ல கைராசிக்காரர் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் அந்த வீட்டுக் கதவு திறந்து யாரும் பார்த்ததில்லை. வியாபாரம் முழுவதும் ஜன்னல் கம்பிக்கு நடுவில்தான். போர்டு கிடையாது. ஏன் வைக்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார்.

"போர்டு வச்சா யாரு யாரோ வருவாங்க" என்றார் நெயில்பாலிஷ்.

"அதுக்குத்தானேங்க போர்டு?"

"அதான் சொல்றேன்."

பெயருக்குக் காரணம் இதுதான். ரிப்பேர் கடையில் சாமானைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் ஜப்பான் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வேறு எதையாவது மாட்டிவிடுவார்கள் என்ற பயம் அப்போது எல்லாருக்கும் இருந்தது. எல்லாரும் தன்னைச் சந்தேகப்படுவார்கள் என்ற சந்தேகம் நெயில்பாலிஷுக்கு இருந்தது. அதனால் பெட்டி வந்ததும் சொந்தக்காரர் கண் எதிரிலேயே அதைத் திறந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலும், மோட்டாரிலும், டேப்பைத் தொட்டுப் பாடவைக்கும் ஹெட்டிலும், சக்கரத்திலும் நகப்பாலிஷால் ஒரு சின்னப் பொட்டு வைப்பார். ஆளுக்கொரு நிறம். திருப்பிக் கொடுக்கும்போது மறுபடி திறந்து, லென்ஸைக் கழற்றி அவர்கள் கண்ணில் மாட்டிவிட்டு, ஒவ்வொரு பொட்டாகக் காட்டுவார்.

"உன் ஸ்க்ரூ. உன் மோட்டாரு. உன் ஹெட்டு. நல்லாப் பாத்துக்கோ. நாளைக்கு வந்து நான் மாத்திட்டேன்னு சொல்லக் கூடாது."

இதனால் மாதத்துக்கு ஏழெட்டுப் புட்டி நகப்பாலிஷ் தேவைப்பட்டது. வீட்டில் பெண் வாசனையே இல்லாத மனிதர். காந்தி சிலைக்குப் பக்கத்தில் வளையல் கடை வைத்திருந்த அம்மா முதல் மாதம் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது மாதம் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டார்.

"வூட்ல எத்தினி பேருங்க?"

"நான் ஒருத்தன்தான்."

"அப்ப இதெல்லாம் யாருக்கு?"

"மோட்டாருக்கு."

அந்த அம்மா அதற்குப் பிறகு அவர் வந்தால் மகளை உள்ளே போகச் சொல்லிவிடுவாராம். அவரும் சும்மா போகமாட்டார். புட்டியைத் திறந்து தன் கட்டைவிரல் நகத்தில் தடவி, காயும்வரை கடையிலேயே நின்று, சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். அந்த ஆறடி மனிதர் ஒரு விரலில் ரோஸ் கலரோடு ரயில்வே கேட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்து, சந்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கஸ்டம்ஸ் ஆள் என்றார் ஒருவர். கஸ்டம்ஸுக்குப் பயந்து ஒளிந்திருக்கும் ஆள் என்றார் இன்னொருவர். இரண்டும் ஒன்றாக இருக்கலாம் என்று டீக்கடைக்காரர் சமாதானம் செய்தார்.

இவ்வளவு சந்தேகமும் பிறவியிலேயே வந்ததில்லை. ஆரம்ப காலத்தில் விழுப்புரம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் யாரோ ஒரு ஆள் அவருக்கு ஒரு வாக்மேனை விற்றிருக்கிறான். அட்டைப்பெட்டி புதுசு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து திறந்தால் உள்ளே கையகலச் செம்மண் கட்டி, அதன்மேல் அழகாகச் சுற்றிய ஈரத்துணி. அன்றிலிருந்து அவருக்கு விழுப்புரம் என்பது ஊரே இல்லை, ஒரு வியாதி. சரியில்லாத ஹெட்போனைப் பார்த்தால், "இது விழுப்புரம்" என்று தள்ளி வைப்பார். காய்ச்சல் மாத்திரை வேலை செய்யாவிட்டாலும் விழுப்புரம்தான். என் அக்காவை விழுப்புரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது என்று ஒருமுறை நான் சொன்னபோது, "வூட்டுக்காரர் உள்ள சரியா இருக்காரான்னு பாத்தீங்களா?" என்று மிகுந்த அக்கறையோடு கேட்டார்.

அதன்பிறகு அவர் கண்டுபிடித்ததுதான் அந்த மூன்று கேள்விகள். விற்க வந்தாலும் சரி, ரிப்பேருக்கு வந்தாலும் சரி, பெட்டியைக் கொண்டுவருகிறவர் அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். எந்தப் பட்டன் ஒட்டும்? கடைசியாக எந்தப் பாட்டில் நின்றது? முதன்முதலில் எங்கே விழுந்தது? பழகிய பெட்டிக்கு ஒரு நோவு இருக்கும், அந்த நோவு சொந்தக்காரனுக்கு மட்டும்தான் தெரியும், தெரியாதவன் திருடன். இதுதான் அவருடைய சட்டம்.

சட்டத்தை அச்சடிக்க வந்தபோதுதான் எனக்கு அவர் பழக்கமானார். நான் அப்போது ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் கணக்குத் தீர்ந்துவிட்டது. மிச்சப் படிப்பெல்லாம் ஈய எழுத்துகளைத் தலைகீழாகப் படித்து வந்ததுதான். பேச்சு எனக்கு எப்போதும் வராது. எழுத்துக் கோப்பவனுக்கு அது ஒரு குறையும் இல்லை.

நெயில்பாலிஷ் என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, "படிக்காம கோக்க முடியுமா?" என்று கேட்டார்.

"எதைங்க?"

"மேட்டரை. எழுத்தை மட்டும் பாத்துக் கோக்கணும். இன்னா எழுதியிருக்குன்னு பாக்கக் கூடாது."

நான் தலையை ஆட்டினேன். அவர் நம்பவில்லை. தாளை நான்காகக் கிழித்து, ஒரு நாளைக்கு ஒரு துண்டு என்று நான்கு நாள் கொண்டுவந்தார். இரண்டாம் துண்டு நான்காம் நாளும் நான்காம் துண்டு முதல் நாளும் வந்தன. நான்கு நாளும் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் எடுக்கும் ஒவ்வொரு எழுத்தையும் லென்ஸில் பார்த்தார். அதில் ஒரு நாள் என் கையில் ஒரு மெல்லிய ஈயத்துண்டு இருந்தது. அதன் தலையில் எழுத்து ஒன்றும் இல்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது இன்னா?"

"ஸ்பேஸுங்க. ரெண்டு வார்த்தைக்கு நடுவுல வைக்கிறது."

"இதுல ஒண்ணுமே இல்லியே."

"அச்சுல விழாதுங்க. சும்மா எடத்துக்கு."

"சும்மா ஒருத்தன் எதையும் வைக்க மாட்டான்" என்றார். அந்தத் துண்டை வாங்கி, எல்லாப் பக்கமும் பார்த்து, பல்லால் கடித்துப் பார்த்து, பிறகு திருப்பிக் கொடுத்தார். அன்று முழுவதும் நான் வைத்த ஸ்பேஸ்களை மட்டும் தனியாகக் கவனித்தார்.

எங்கள் முதலாளிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. முதலாளியும் லேசுப்பட்ட ஆள் இல்லை. மை டப்பாவில் குச்சியை விட்டு அளந்துவிட்டுத்தான் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போவார். "அவன் இன்னாடா அடிக்கிறான்? கட்சி நோட்டீஸா? நாளைக்கு நம்ம பேரு வந்துரப்போவுது" என்று என்னைத் துருவினார். படிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றேன். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில், அந்த நான்கு நாளில் நானும் சந்தேக லிஸ்ட்டில் சேர்ந்துவிட்டேன் என்பது தெரிந்தது.

நெயில்பாலிஷுக்கோ என்னைப் பிடித்துப்போய்விட்டது. பிடித்துப்போய்விட்டது என்றால், மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைவாகச் சந்தேகப்பட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டக்குப்பத்தில் ஒரு பெட்டி விலைக்கு வருகிறது, கூட வா என்றார்.

"நான் எதுக்குண்ணே?"

"சாட்சிக்கு. நீ பேச மாட்ட. சாட்சிக்குப் பேசாத ஆளுதான் நல்லது."

பஸ்ஸில் ஒன்றாக உட்காரவில்லை. அவர் முன்னால், நான் பின்னால், ஒருவரை ஒருவர் தெரியாது. கிளியனூரில் ஏறிய ஒரு அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மடியிலிருந்து ஒரு பிடி மல்லாட்டையை எடுத்து நீட்டினார். நெயில்பாலிஷ் ஒரு கடலையை உடைத்து, பருப்பை லென்ஸில் பார்த்து, "யாரு காட்டுது?" என்றார். அந்த அம்மா மீதியை மடியில் போட்டுக்கொண்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

புதுச்சேரியில் பஸ் மாறி, கோட்டக்குப்பத்தில் அந்த வீட்டுக்குப் போனோம். துபாயிலிருந்து வந்திருந்த இளைஞர், நல்ல மரியாதை, உட்காரச் சொல்லி சர்பத் கொடுத்தார். நெயில்பாலிஷ் சர்பத்தை என் பக்கம் தள்ளிவிட்டுப் பாரத்தை எடுத்தார். எங்கள் அச்சகத்தில் அடித்த, அந்த மூன்று கேள்வியும் உள்ள பாரம். முதல் இரண்டு கேள்விக்கும் அந்த இளைஞர் டக்கென்று பதில் சொன்னார்.

"மொதல்ல எங்க விழுந்துச்சு?"

"விழவே இல்லண்ணே. அவ்ளோ பத்திரமா வச்சிருந்தேன்."

நெயில்பாலிஷ் எழுந்துவிட்டார். "வா தம்பி, போலாம். விழாத சாமானை நான் வாங்கறதில்ல."

"அண்ணே, விழாதது நல்லதுதானே?"

"கையில வச்சிருந்தவன் கீழ போடுவான். திருடுனவன்தான் பத்திரமா வச்சிருப்பான்."

அந்த இளைஞர் முகம் சிவந்துவிட்டது. நான் வாசலைப் பார்த்தேன். அப்போது உள்ளே அடுக்களையிலிருந்து அவருடைய உம்மா குரல் கொடுத்தார். "ஏன்டா பொய் சொல்ற? போன வாரம் கொல்லையில துணி தொவைக்கிற கல்லு மேல போட்டுட்டு, வெளிய சொல்லாத உம்மான்னு எங்கிட்ட கெஞ்சுனியே."

நெயில்பாலிஷ் மறுபடி உட்கார்ந்தார். "உம்மா சொன்னாங்க பாரு. அது பதிலு" என்று பாரத்தில் எழுதிக்கொண்டார். என் பக்கம் இருந்த சர்பத்தையும் எடுத்துக் குடித்துவிட்டார்.

வாங்கிவந்த பெட்டியை அவர் பழுது பார்த்து முடித்த பிறகு, ஒரு பகல் முழுவதும் ஜன்னல் ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். இவ்வளவு நேரம் என்ன பாட்டு கேட்கிறார் என்று ஒருமுறை ஹெட்போனை வாங்கி என் காதில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெறும் கேசட். ஸ்... என்ற ஓசை மட்டும்.

"பாட்டு போட்டா பெட்டி தப்பிச்சுக்கும். பாட்டு இல்லாதப்ப இன்னா சத்தம் வருதோ, அதான் அதோட உண்மை" என்றார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் நான் மாட்டிக்கொண்ட கதைக்கு வருகிறேன்.

எங்கள் முதலாளிக்கு அவருடைய மாப்பிள்ளை குவைத்திலிருந்து ஒரு வாக்மேன் கொண்டுவந்து கொடுத்தார். கருப்புப் பெட்டி. முதலாளி அதை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியைக் காலண்டர் ஆணியில் மாட்டிவிட்டு, அந்த ஆணி யார் கண்ணுக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தார். சாயங்காலம் அரைமணி பக்திப் பாட்டு கேட்டுவிட்டு மறுபடி பூட்டுவார். மதியம் அவர் வீட்டுக்குப் போனபின் அச்சகத்தில் நான் ஒருவன்தான். ஒரு நாள் சாவியை எடுத்தேன். தப்புதான். அடுத்த நாளும் எடுத்தேன்.

நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கத் தெரியாதவனுக்கு, யாருக்கும் கேட்காமல் தனக்குள்ளேயே ஒரு பாட்டு ஓடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்றுதான் தெரிந்தது. பெட்டியை, எழுத்துகளைப் பிரித்துப் போடும் மரத்தட்டான கேஸின் விளிம்பில் வைத்துக்கொண்டு, காதில் பாட்டோடு, ஒரு கல்யாணப் பத்திரிகையைத் தப்பில்லாமல் கோத்து முடித்தேன்.

பத்தாவது நாளோ என்னவோ, கேசட்டைத் திருப்பிப் போட மூடியைத் திறந்த நேரத்தில், மறந்துபோன மூக்குக் கண்ணாடியை எடுக்க முதலாளி திரும்பி வந்துவிட்டார். வாசலில் செருப்புச் சத்தம். நான் திரும்பிய வேகத்தில் வயர் இழுத்து, பெட்டி திறந்த வாயோடு, கேஸில் ஸ்பேஸ்கள் கிடக்கும் குழியில் விழுந்தது. அதன்மேல் ஒரு பழைய பேப்பரைப் போட்டு மூடிவிட்டேன். முதலாளி கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் பெட்டியைத் துடைத்து, கேசட்டைப் போட்டு, டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

அன்று சாயங்காலம் முதலாளி பாட்டைப் போட்டார். ஹெட்போனைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"இன்னாடா அந்தோணி, சாமி பாட்டு மாடு கத்தற மாதிரி வருது?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். மறுநாள், "அந்த நெயில்பாலிஷ்தான் உனக்குத் தோஸ்தாச்சே, குடுத்துட்டு வா. ஜல்தி" என்று என் கையிலேயே பெட்டியைக் கொடுத்தார்.

ஜன்னலுக்குப் போனேன். லென்ஸ் வந்தது.

"யாருது?"

"மொதலாளிதுங்க."

"மொதலாளி ஏன் வரல?"

"வேலையா இருக்காருங்க."

"உனக்கு வேலை இல்லியா?" என்றவர், பாரத்தை எடுத்தார். "எந்தப் பட்டன் ஒட்டும்?"

கேசட்டை முன்னால் ஓட்டும் பட்டன்தான் ஒட்டும். எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாரம் திரும்ப முதலாளி கைக்குத்தான் போகும், அவர்தான் கையெழுத்துப் போடவேண்டும். "தெரியாதுங்க" என்றேன்.

"கடைசியா எந்தப் பாட்டுல நின்னுச்சு?"

"தெரியாதுங்க."

"மொதல்ல எங்க விழுந்துச்சு?"

இதற்குத் தெரியாது என்றுகூடச் சொல்ல வரவில்லை. தரையைப் பார்த்தேன்.

"நீயே கோத்த கேள்விடா இது" என்றார் நெயில்பாலிஷ். "கேள்வித்தாளு அடிச்சவனே ஃபெயிலாவானா?" பெட்டியைக் காதருகில் வைத்து ஒரு ஆட்டு ஆட்டினார். உள்ளே லேசாக ஒரு 'டிக்' கேட்டது. என்னைப் பார்த்தார். மறுபடி ஆட்டினார். பிறகு அதைத் திறந்து, என் கண்ணெதிரே சிவப்பு நகப்பாலிஷால் ஸ்க்ரூ ஸ்க்ரூவாகப் பொட்டு வைத்தார். "சொந்தக்காரரு வரட்டும். அதுவரைக்கும் பெட்டி இங்க இருக்கட்டும்" என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

வெறுங்கையோடு திரும்பினேன்.

"பெட்டி எங்கடா?"

"நீங்க நேர்ல வந்து கேட்டாத்தான் தருவாராம்."

"என் பெட்டிக்கு நான் ஏன் போய் நிக்கணும்?" முதலாளி எழுந்து நின்றார். "வித்துட்டியா?"

"இல்லீங்க."

"ரெண்டு பேரும் சேந்துகினு என் காதுல பூ சுத்தறீங்களா? ஞாயித்துக்கெழம மாப்ள சாப்பாட்டுக்கு வர்றாரு. சனிக்கெழமைக்குள்ள பெட்டி என் மேஜைல இருக்கணும். இல்லன்னா திங்கக்கெழம நீ இந்தப் படி ஏறாத."

எனக்கு வேறு தொழில் தெரியாது. பெட்டி திருடிய பையன் என்ற பேரோடு போனால், திண்டிவனத்தில் வேறு எந்த அச்சகமும் கேஸைத் தொட விடாது. உண்மையைச் சொன்னாலும் அதே கதிதான். டிராயரைத் திறந்தவன் நான். கீழே போட்டவனும் நான். ஒரு பக்கம் சொந்தக்காரன் இல்லை என்று என்னைச் சந்தேகப்படும் நெயில்பாலிஷ். இன்னொரு பக்கம் சொந்தமாக்கிக்கொண்டான் என்று சந்தேகப்படும் முதலாளி.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் ஜன்னலுக்குப் போனேன். மூன்று நாளும் அவர் முதல் இரண்டு கேள்வியை விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் கேட்டார். மூன்று நாளும் நான் தரையைப் பார்த்தேன். "சரி, நாளைக்கு வா" என்பார். வெள்ளிக்கிழமை மட்டும், "ஒரு வார்த்தை சொல்றதுக்கு இவ்ளோ பேஜாரா உனக்கு?" என்றார். எனக்கு அழுகை வந்தது. அதையும் லென்ஸில் பார்ப்பாரோ என்று வந்துவிட்டேன்.

சனிக்கிழமை முதலாளியே கிளம்பிவிட்டார். மாப்பிள்ளை பயம். என்னை முன்னால் நடக்கவிட்டு, ஓடிவிடாமல் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தார். ஜன்னலைத் தட்டினேன்.

"பெட்டியக் குடுய்யா" என்றார் முதலாளி.

"நீங்க யாரு?"

"நான் யாரா? நாலு நாளு என் பிரஸ்ல வந்து குந்தினு இருந்தியே, அது மறந்துபோச்சா?"

"அது அன்னிக்கு. இன்னிக்கு நீங்க யாரு?"

முதலாளிக்கு மூச்சு வாங்கியது. நெயில்பாலிஷ் நிதானமாகப் பாரத்தை எடுத்தார்.

"எந்தப் பட்டன் ஒட்டும்?"

"புதுப் பெட்டிய்யா. ஏன் ஒட்டும்?"

"கடைசியா எந்தப் பாட்டுல நின்னுச்சு?"

"சாமி பாட்டு."

"எந்தச் சாமி?"

முதலாளி யோசித்தார்.

"மொதல்ல எங்க விழுந்துச்சு?"

"விழவே இல்லியே. நான் பூட்டி வச்சிருக்கேன். ஆணியில..." என்று ஆரம்பித்த முதலாளி நிறுத்திக்கொண்டு, மெதுவாக என் பக்கம் திரும்பினார். "டேய் அந்தோணி. விழுந்துச்சாடா?"

இனி ஒளிக்க இடம் இல்லை என்று தெரிந்துவிட்டது. "மொதலாளி, அது வந்து... நான்தான்..."

"நீ பேசாத" என்று ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு அதட்டல் வந்தது. "உன்னை எவன் கேட்டான்? நாலு நாளா வாயத் தொறக்கல, இப்ப இன்னா புதுசாப் பேச்சு? சொந்தக்காரரு பேசிகினு இருக்கும்போது நடுவுல வராத. ஓரமா நில்லு."

நான் ஓரமாக நின்றேன். நெயில்பாலிஷ் தன் சொந்தப் பாரத்தை, நான்கு நாள் காவல் காத்து அடித்த பாரத்தை, நான்காகக் கிழித்தார்.

"இந்தக் கேள்வி வேணாம். வேற ஒண்ணு கேக்கறேன்" என்றார். முதலாளியின் பெட்டியை எடுத்து, ஜன்னல் கம்பிக்கு நேராக, வெளிச்சத்தில், முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் பிடித்தார். "பெட்டி இன்னா கலரு?"

முதலாளி பெட்டியைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். இதில் ஏதோ சூது இருக்கிறது என்று முகத்தில் தெரிந்தது. சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"கருப்பு" என்றார், சந்தேகமாக.

"கரெக்ட்டு. உங்களுதுதான்."

திறந்து, லென்ஸைக் கொடுத்து, சிவப்புப் பொட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். கேசட்டைப் போட்டார். சாமி பாட்டு சாமி பாட்டாகவே வந்தது.

"இன்னா ரிப்பேரு?" என்றார் முதலாளி.

"உள்ள ரப்பர் பெல்ட்டு. நம்ம ஊரு வெயிலுக்கு இளகிடும். யாரு மேலயும் தப்பு இல்ல."

யார் மேலும் தப்பு இல்லை என்று அந்த மனிதர் சொல்லி நான் கேட்டது அது ஒரு முறைதான்.

"விழலியே?" என்று முதலாளி விடவில்லை.

"விழுந்த பெட்டி எனக்குத் தெரியாதா?" என்றார் நெயில்பாலிஷ்.

முதலாளி பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். நானும் பின்னால் கிளம்பினேன். "தம்பி, ரசீது" என்று குரல் வந்தது. திரும்பிப் போனேன். கம்பிக்கு நடுவில் நாலாக மடித்த ஒரு தாளை நீட்டினார். பிரித்தேன். எழுத்து எதுவும் இல்லை. மடிப்புக்குள் ஒரு மெல்லிய ஈயத்துண்டு. ஸ்பேஸ். அதன் பக்கவாட்டில், பெட்டிக்குள் இருந்த மற்ற சாமான்களைப் போலவே, சிவப்பாக ஒரு பொட்டு.

"உன் சாமான்" என்றார். "நல்லாப் பாத்துக்கோ. நாளைக்கு வந்து நான் மாத்திட்டேன்னு சொல்லக் கூடாது."

ஏதாவது சொல்லவேண்டும் என்று நான் வாயைத் திறப்பதற்குள் ஜன்னல் மூடிக்கொண்டது.

இரண்டு வருஷம் கழித்து அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார். எந்த ஊருக்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. விழுப்புரமாக இருக்காது என்பது மட்டும் நிச்சயம். அச்சகத்தில் பின்னால் எழுத்துகளையெல்லாம் எடைக்குப் போட்டபோது, ஒரு ஸ்பேஸ் மட்டும் அதில் போகவில்லை. அது என் பர்ஸில் இருக்கிறது.

போன வாரம் மருந்துச் சீட்டைத் தேடிய என் மனைவி அதை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லியே, இதை ஏன் வச்சிருக்கீங்க?" என்றாள்.

"சும்மா" என்றேன்.

சொல்லிவிட்டு, சும்மா ஒருத்தன் எதையும் வைக்க மாட்டான் என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வருமா என்று கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.